பெட்டிகளெல்லாம் இடப்பக்கம் போன திங்கட்கிழமை

1

என்ன வேலை செய்கிறாய் என்று ஊரில் கேட்பவர்களுக்கு இருபத்திரண்டு வருடங்களாக ஒரே பதிலைத்தான் சொல்லிவருகிறேன்: "கம்ப்யூட்டர்ல." அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. குளிர் தாங்குதா, அரிசி கிடைக்குதா, மகளுக்குத் தமிழ் வருதா என்று அடுத்த கேள்விகளுக்குப் போய்விடுவார்கள். இந்த முறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடந்த கதை உங்களுக்குப் புரியாது.

பிரான்சின் மேற்கே, நாந்த் நகரத்துக்கு வெளியே, ஒரு மருந்துக் கிடங்கில் வேலை செய்கிறேன். சுற்றுவட்டார மருந்துக்கடைகள் கேட்பதையெல்லாம் பச்சை பிளாஸ்டிக் பெட்டிகளில் போட்டு அனுப்பும் இடம். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு லேபிள் ஒட்டுவோம். அதில் கடையின் பெயர், ஊர், அதற்குக் கீழே பார்கோடு எனப்படும் கறுப்புக் கோடுகள். ஓடும் பட்டையில் பெட்டி போகும்போது ஒரு சிவப்பு விளக்கு அந்தக் கோடுகளைப் படித்து, எந்த வேனுக்கு எந்தப் பெட்டி என்று பிரித்து அனுப்பும். படிக்க முடியாத பெட்டியை இடப்பக்கம் தள்ளிவிடும். அந்தக் கோடுகள் சரியாக அச்சாவது என் பொறுப்பு.

கோடு என்றதும் யாரோ வரைவதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். கம்ப்யூட்டருக்கு அது படம் அல்ல, எழுத்து. கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போனால் அச்சகத்தில் நாலைந்து எழுத்து மாதிரிகளைக் காட்டி "எது வேணும்?" என்று கேட்பார்களே, அப்படி இதுவும் ஓர் எழுத்துரு. 4711 என்ற எண்ணை அந்த எழுத்துருவில் அடி என்று சொன்னால், எண்ணுக்குப் பதிலாகக் கோடுகள் விழும். எங்கள் அறிக்கைகளையும் லேபிள்களையும் தயாரிக்கும் மென்பொருள் ஒரு பழைய யூனிக்ஸ் இயந்திரத்தில் ஓடுகிறது. எந்த லேபிளுக்கு எந்த எழுத்துரு என்று அதற்குச் சொல்ல ஓர் அட்டவணைக் கோப்பு உண்டு. அட்டவணையைப் படிக்க முடியாவிட்டால் அந்த இயந்திரம் புகார் சொல்லாது. கையில் இருக்கிற சாதாரண எழுத்தில் 4711 என்றே அடித்துத் தந்துவிடும். மனிதர்களுக்கு அழகாகப் புரியும். சிவப்பு விளக்குக்கு ஒன்றும் புரியாது.

என் பெயர் ழெர்மேன். பிரெஞ்சுக்காரர்கள் ஒரு காலத்தில் ஆண்ட எங்கள் ஊரில், ரெட்டியார்பாளையத்து எங்கள் தெருவில் மட்டும் மூன்று ழெர்மேன்கள். இங்கே அது கொள்ளுப்பாட்டிகளின் பெயராம். நேர்முகத் தேர்வுக்கு நான் கதவைத் திறந்து உள்ளே போனபோது, எதிரில் இருந்தவர் என் பின்னால் யாராவது வெள்ளைக்காரக் கிழவி வருகிறாரா என்று எட்டிப் பார்த்தார். நூறு வருடத்துக்கு முன்னால் இவர்கள் கொண்டுவந்து கொடுத்த பெயரைத்தான் நாங்கள் பத்திரமாக வைத்திருக்கிறோம். தூக்கிப் போட்டது இவர்கள்தான்.

2

இந்த வருடம் எங்கள் நிர்வாகம் லேபிள் வேலையில் பாதியை வெளியில் கொடுப்பது என்று முடிவு செய்தது. எங்கள் பிரிவின் தலைவி கொரின் என்னைக் கூப்பிட்டு, "உங்கள் ஊரில் யாராவது செய்வார்களா?" என்று கேட்டாள். நெட்டை, ஒல்லி, வீணாக ஒரு வார்த்தை பேசமாட்டாள். மனத்துக்குள் குதித்துக்கொண்டே, வெளியில் "விசாரித்துப் பார்க்கிறேன்" என்று கெத்தாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அப்படிக் கிடைத்தவள்தான் தமிழ்ச்செல்வி. திருக்கனூர் பக்கம் விவசாயக் குடும்பம், முப்பது வயது, தினமும் பஸ் பிடித்து டவுனுக்கு வருகிறவள். அவள் அலுவலகம் விழுப்புரம் ரோட்டில் ஓர் இனிப்புக்கடைக்கு மேலே. ஊரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஸ்டாப்பிங்தான். மூன்று மாதம் சோதனை, தேறினால் ஒரு வருட ஒப்பந்தம், தேறாவிட்டால் வேலை வேறு நாட்டுக்குப் போகும் என்று கொரின் கறாராகச் சொல்லிவிட்டாள்.

தினமும் காலை எட்டேகாலுக்கு எனக்கும் செல்விக்கும் போன். அவளுக்கு அப்போது பதினொன்றே முக்கால். முதல் வாரம் வேலையை மட்டும் பேசினோம். இரண்டாவது வாரம் பின்னணியில் ஹாரன் சத்தம் கேட்டு, "எந்த பஸ்டி அது?" என்று கேட்டுவிட்டேன். அதோடு கட்டுப்பாடு போயிற்று.

"அக்கா, நேத்து எங்க மாமா தேங்காய்த்திட்டு மீன் ஏலத்துக்குப் போனாரு. வஞ்சிரம் கையில புடிக்க முடியாத வெலயாம். சங்கராதான் வாங்கியாந்தாரு."

"சங்கரான்னா என்னடி கொறச்சல்? எனக்கு இங்க அதுகூட இல்ல."

"அப்ப நீங்க என்னாத்ததான் துன்றீங்க?"

"சாமோன்னு ஒரு மீனு. கேரட் கலர்ல இருக்கும். அத மொளகாத்தூள்ல பெரட்டி ஏமாத்திக்கிறேன்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கிடங்கில் நூற்றுச்சொச்சம் பேர். தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. வீட்டுக்காரர் காரைக்கால்காரர், ரயில்வேயில் ஷிப்ட் வேலை, பேச்சை மிகவும் சிக்கனமாகச் செலவழிப்பவர். மகள் லியாவுக்குப் பதினேழு வயது. தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வரும். அதுவும் காதிலிருந்து இயர்போனைக் கழற்றினால்தான். என் வேலை நாளில் என்னை யாரும் அக்கா என்று கூப்பிட்டு இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. எட்டேகால் மணிக்காக நான் எட்டு மணிக்கே காபி குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். ஒப்பந்தம் கிடைக்காவிட்டால் செல்விக்கு வேலை போகும் என்ற கவலை எனக்கு இருந்தது. அந்தப் போனும் போய்விடுமே என்ற கவலை அதைவிடப் பெரிதாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

3

மூன்றாவது மாதத்தின் கடைசி வாரம், திங்கட்கிழமை காலை. நான் இன்னும் டிராமில் இருந்தேன். பட்டையடியில் வேலை செய்யும் மாமதுவிடமிருந்து போன் வந்தது. மாமது மாலி நாட்டுக்காரர். என் பக்கத்தில் பல வருடம் வேலை பார்த்ததில் அவருக்கு ஒரே ஒரு தமிழ்ச் சொல் பழகிவிட்டது.

"அய்யய்யோ, ழெர்மேன்" என்றார். பிறகு பிரெஞ்சில், "எல்லாப் பெட்டியும் இடப்பக்கம் போகிறது" என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது இடப்பக்கத்தில் பச்சைப் பெட்டிகள் மலையாகக் குவிந்திருந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கடைப்பெயர் இருந்தது, ஊர் இருந்தது. கோடு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண். எண்ணுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நட்சத்திரக் குறி. கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்ட நாங்கள் போடுவது அது. எழுத்துரு இருந்தால் அந்த நட்சத்திரமும் கோடாகிவிடும், யார் கண்ணிலும் படாது. அன்றைக்கு எல்லார் கண்ணிலும் பட்டது.

பத்தரைக்கு வேன்கள் கிளம்ப வேண்டும். மாமதுவும் மற்றவர்களும் பெட்டிகளைக் கையால் பிரிக்க ஆரம்பித்தார்கள். நான் யூனிக்ஸ் இயந்திரத்தில் உட்கார்ந்தேன். எழுத்துரு இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. பிரிண்டரைப் பார்த்தேன், அதில் குறையில்லை. வெள்ளிக்கிழமை செல்வி மாற்றிய கோப்பு ஒன்றே ஒன்றுதான், எழுத்துரு அட்டவணை. குளிரில் வைக்க வேண்டிய மருந்துகளுக்குப் புது லேபிள் ஒன்று சேர்த்திருந்தாள். அட்டவணையைத் திறந்தேன்.

முதல் வரியில், குறிப்பு எழுதப் போடும் ஹாஷ் குறிக்குப் பின்னால், தலையில் கோடு போட்ட ஒரு பிரெஞ்சு எழுத்து, வட்டத்துக்குள் ஓர் R, அதையடுத்துக் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று. இயந்திரம் அந்த மூன்றாவதில் முட்டிக்கொண்டு மொத்த அட்டவணையையும் ஒதுக்கிவிட்டது என்பது தெரிந்தது. வரியை அழித்துவிட்டு மென்பொருளை மறுபடி தொடங்கினேன். அடுத்த லேபிளில் கோடுகள் விழுந்தன. மாமது தூரத்திலிருந்து கட்டைவிரலைக் காட்டினார்.

வேன்கள் இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பின. மருந்துக்கடைக்காரர்கள் போனில் கத்தினார்கள். நல்ல வேளையாக அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த மூன்று துண்டுகளும் என்ன என்று பார்க்க, பழைய கோப்பை என் புது லேப்டாப்பில் திறந்தேன். புது இயந்திரங்களுக்கு எல்லா மொழியும் தெரியும். பழையதற்குப் பிரெஞ்சைத் தாண்டி ஒன்றும் தெரியாது. லேப்டாப்பில் மூன்று துண்டுகளும் ஒட்டிக்கொண்டு ஒரே எழுத்தாக நின்றன.

உ.

பிள்ளையார் சுழி. பிரான்சு நாட்டு மருந்து லேபிளின் எழுத்துரு அட்டவணையின் தலையில் பிள்ளையார் சுழி. நான் தனியாக உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். சிரித்து முடித்ததும் நாள்காட்டியைப் பார்த்தேன். வருகிற வெள்ளிக்கிழமைதான் கொரின் முடிவு சொல்ல வேண்டிய நாள்.

4

செல்வியைக் கூப்பிட்டுச் சொன்னேன். கீழே இனிப்புக்கடையில் யாரோ அரை கிலோ மிக்சர் கேட்பது மட்டும் கேட்டது.

"அக்கா, நான்தான் வச்சேன்."

"வெச்சது தெரியுது. ஏன்டி வெச்ச?"

"மொத மொத தனியா மாத்துற ஃபைலு. நல்லபடியா ஓடணும்னு வச்சேன். முன்னாடி அந்த ஹாஷ் குறியப் போட்டுத்தான்க்கா வச்சேன். அது இருந்தா மெஷினு அந்த வரிய வேலைக்கு எடுத்துக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க. நம்ம டெஸ்ட் மெஷின்ல நல்லாத்தான் ஓடிச்சு."

"டெஸ்ட் மெஷின் புதுசுடி. கெடங்குல இருக்கிறது கெழம். சரி, இதுக்கெல்லாம் யாராவது சுழி போடுவாங்களா?"

"நீங்க போட்டிருக்கீங்களேக்கா."

"நானா?"

"எல்லா ஃபைல்லயும் மொத வரியில ஒரு பிளஸ்ஸு இருக்குதே. முன்னூறு ஃபைலு பாத்துட்டேன், எல்லாத்துலயும் இருக்குது. மொதல்ல என்னமோ கட்டளைன்னு நெனச்சேன். அப்புறம் நீங்க மாதா கோயிலுக்குப் போறவங்கன்னு தெரிஞ்சதும் புரிஞ்சுபோச்சு. நீங்க சிலுவ போடுறீங்க, நான் என்னுத போட்டேன். போடலாம்போலன்னுதான் போட்டேன்."

போனை வைத்துவிட்டு ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்தேன். இருந்தது. எல்லாவற்றிலும் தலையில் ஒரு கூட்டல் குறி, என் கையால் அடித்தது. போடுகிறேன் என்பதே எனக்கு நினைவில்லாமல் போட்டிருக்கிறேன்.

எங்கிருந்து வந்தது என்று மட்டும் நன்றாகத் தெரியும். டவுனில் நான் படித்த கான்வென்டில் பரீட்சைப் பேப்பர் கொடுத்ததும் முதல் நிமிடம் யாரும் கேள்வியைப் பார்க்கமாட்டோம். நாங்கள் தலையில் சின்னதாக ஒரு சிலுவை போடுவோம். பக்கத்து பெஞ்சில் சுழி போடுவார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நூர்ஜகான் 786 என்று எழுதுவாள். கணக்குப் பரீட்சைக்கு முன்னால், எதற்கும் இருக்கட்டும் என்று நான் ஓர் ஓரத்தில் மூன்றையும் போட்டதுண்டு. திருத்துகிற மதர் எதையும் அடித்ததில்லை. மார்க்கும் குறைத்ததில்லை. எனக்குக் கணக்கில் வந்த மார்க்கைப் பார்த்தால் மூன்று பேரும் சேர்ந்தும் கைவிட்டுவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

என் சிலுவை அந்தப் பழைய இயந்திரத்தின் விசைப்பலகையில் இருக்கிறது. அவள் சுழி இல்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் அவ்வளவுதான் வித்தியாசம். அதற்கு அவள் வேலை போக வேண்டுமா?

5

இந்த நாட்டில் எது நடந்தாலும் ஒரு படிவம் உண்டு. கிடங்கில் பட்டை நின்றால் ஒரு படிவம், நிற்காமல் ஓடினால் வேறொரு படிவம். நமக்கும் படிவம் புதிதல்ல. அப்பாவோடு பிறப்புச் சான்று வாங்க மேரிக்குப் போயிருக்கிறேன். நகராட்சி அலுவலகத்தை எங்கள் வீட்டில் கடைசிவரை, பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயரில், மேரி என்றுதான் சொன்னார்கள். அங்கே உட்கார்ந்திருந்த கிளார்க் படிவத்தை வாங்கும் முன்னால் "நீ யார் பொண்ணு? உங்க சின்னய்யாதானே பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா இருந்தாரு?" என்று என் பூர்வீகம் முழுவதையும் விசாரித்துவிட்டு, பிறகு படிவத்தில் ஒரு கட்டத்தை விட்டுவிட்டேன் என்று திருப்பி அனுப்புவார். நான்கு முறை நடந்தோம். இங்கே யாரும் திருப்பி அனுப்புவதில்லை, யார் பெண் என்று கேட்பதும் இல்லை. படிவம் மட்டும் எல்லாவற்றையும் கேட்கிறது.

கோளாறுப் படிவத்தில் என்ன நடந்தது, எப்போது நடந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று மூன்று கட்டங்கள். நான்காவது கட்டத்தில் பொறுப்பானவரின் பெயர். புதன்கிழமைக்குள் கொடுங்கள் என்று கொரின் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

மூன்று கட்டத்தைச் சட்டென்று நிரப்பிவிட்டேன். நான்காவதற்கு என் மனத்தில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது: "வெளிக் குழு, இயந்திரத்துக்குப் பொருந்தாத ஓர் எழுத்தைச் சேர்த்தது." அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதை எழுதினால் எனக்கு ஒன்றும் ஆகாது. செல்வியின் மூன்று மாதம் மட்டும் வீணாகும். இன்னொரு வாக்கியமும் யோசித்தேன்: "காரணம் தெரியவில்லை." அது முழுப் பொய், ஆனால் எல்லாரும் பிழைத்துக்கொள்வோம். இரண்டையும் மாற்றி மாற்றி எழுதி, அழித்து, கடைசியில் படிவத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

வீட்டில் எழுத்துப் பிழை பார்ப்பது லியாவின் வேலை. இத்தனை வருடம் கழித்தும் தவறு என்ற பிரெஞ்சுச் சொல்லை நான் ஆண்பாலில்தான் எழுதுவேன். அது பெண்பாலாம். அவள் ஒரு பெருமூச்சோடு திருத்துவாள். அன்றைக்கும் சாப்பாட்டு மேசையில் இயர்போனோடு உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தவள், ஓரத்தில் நான் பேனாவால் எழுதிவைத்திருந்த உ-வைப் பார்த்து இயர்போனைக் கழற்றினாள்.

"இது என்ன?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

சொன்னேன். சுழியைச் சொன்னேன், என் சிலுவையைச் சொன்னேன், பரீட்சைப் பேப்பரையும் மூன்று குறியையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். என் பிள்ளைப்பருவக் கதை எதையும் அவள் இவ்வளவு நேரம் கேட்டதில்லை. எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

படிவத்தோடு நான் இணைத்திருந்த, வெள்ளிக்கிழமை மாற்றத்துக்கான சோதனைத் தாளை அவள் புரட்டினாள்.

"இங்கே 'கிடங்கு இயந்திரத்தில் சோதித்தேன்' என்று ஒரு டிக் இருக்கிறது. கீழே உன் கையெழுத்து. சோதித்தாயா அம்மா?"

என் கர்வம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. சோதிக்கவில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நாந்த் நகரத்துக்குள் இருக்கும் இலங்கைத் தமிழர் கடைக்குக் கறிவேப்பிலை வரும். ஐந்துக்குள் போகாவிட்டால் காம்புகூட மிஞ்சாது. டெஸ்ட் மெஷினில் ஓடியதைப் பார்த்தேன். இங்கே மட்டும் ஓடாதா என்று டிக் அடித்துவிட்டு டிராம் பிடித்தேன். ஒரு கட்டுக் கறிவேப்பிலைக்காகப் போட்ட டிக் அது.

"இல்லை" என்றேன்.

"அப்படியானால் நான்காவது கட்டத்தில் என்ன யோசனை?" என்று கேட்டுவிட்டு இயர்போனை மாட்டிக்கொண்டாள். அவள் குரலில் கண்டிப்பு எதுவும் இல்லை. கணக்கில் விடை வந்துவிட்டது, அடுத்த கணக்குக்குப் போகலாம் என்பதுபோலச் சொன்னாள். என் பிள்ளை எங்கேயோ விலகிப் போகிறாள் என்று நான் ஊருக்குப் போன் செய்து அழுததுண்டு. அன்றைக்கு அவள் எனக்கு மிகவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

நான்காவது கட்டத்தில் என் பெயரை எழுதினேன்.

6

வெள்ளிக்கிழமை காலை கொரின் கூப்பிட்டாள். மேசைமேல் இரண்டு படிவங்கள் இருந்தன. ஒன்று என்னுடையது. மற்றது வெளிக் குழுவிடம் கேட்டிருந்த அதே படிவம், மின்னஞ்சலில் வந்ததை அச்சடித்தது. மெஷின் மொழிபெயர்த்த கரடுமுரடான பிரெஞ்சு. நான்காவது கட்டத்தில் தமிழ்ச்செல்வி, முன்னால் இனிஷியலோடு. கீழே இரண்டு வரி: எழுத்தைச் சேர்த்தது நான்தான், ழெர்மேன் அக்காவுக்குத் தெரியாது, அவரை ஒன்றும் சொல்ல வேண்டாம். மெஷினுக்கு அக்கா என்ற சொல் தெரியவில்லை. என் குடும்பப் பெயர் என்று நினைத்து அப்படியே பெரிய எழுத்தில் விட்டிருந்தது.

"பதினைந்து வருடமாக இந்தப் படிவத்தை வாங்குகிறேன்" என்றாள் கொரின். "இந்தக் கட்டம் காலியாக வரும். இல்லாவிட்டால் அன்றைக்கு விடுமுறையில் இருந்தவரின் பெயர் வரும். இரண்டு பேர் இதற்குச் சண்டை போட்டு இப்போதுதான் பார்க்கிறேன். சரி, அந்தக் குறியைக் காட்டுங்கள்."

காட்டினேன். என்னுடையதையும் காட்டினேன். மதச்சின்னம் என்றால் இந்த ஊரில் எவ்வளவு சீக்கிரம் முகம் மாறும் என்று எனக்குத் தெரியும். திட்டு வாங்கத் தயாராக நின்றேன். கொரின் மதத்தைப் பற்றிப் பேசவே இல்லை. மூன்றாவது துண்டில் இயந்திரம் ஏன் முட்டியது என்பதை மட்டும் இரண்டு முறை கேட்டுப் புரிந்துகொண்டாள். பிறகு கூட்டல் குறியைச் சுட்டிக்காட்டி, "இது எதற்கு உதவுகிறது?" என்றாள்.

"லேபிளுக்கு உதவுவதில்லை" என்றேன். "எனக்கு உதவியது."

இரண்டு படிவங்களையும் சேர்த்துப் பின் அடித்தாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். சோதிக்காமல் டிக் அடித்ததற்கு எனக்கு எழுத்தில் எச்சரிக்கை, அது என் பணிக்கோப்பில் இருக்கும். கோப்புகளில் இயந்திரத்துக்குத் தேவையில்லாத எந்தக் குறியும் இருக்கக் கூடாது, இருவருடையதும் போக வேண்டும். இனி எந்த மாற்றமும் கிடங்கு இயந்திரத்தில், நாங்கள் இருவரும் போனில் இருக்கும்போதுதான். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு.

கடைசி வாக்கியத்தையும் அவள் அதே குரலில் சொன்னதால் எனக்குப் புரியவே சிறிது நேரம் பிடித்தது. புரிந்ததும் அந்த நெட்டைப் பெண்ணைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவள் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

செல்விக்குச் சொன்னபோது எனக்கு நன்றி கிடைக்கும் என்று நினைத்தேன். திட்டுதான் கிடைத்தது.

"என்னாக்கா நீங்க? நான் செஞ்ச தப்ப நீங்க எதுக்கு எடுத்துக்கிறீங்க? நான் என்ன சின்னப்பிள்ளையா? நாளைக்கு எங்க ஆபீஸ்ல, அக்கா காப்பாத்தி உட்டாங்கன்னுதானே சொல்லுவாங்க?"

"நீ எழுதினதும் அதேதானேடி?"

"அது வேற."

"என்ன வேற?"

"என் சுழி, நான்தானே சொல்லணும்."

"என் டிக், நான் சொன்னேன்."

"ஒரு வருஷமாக்கா?" என்று கேட்டாள். ஒரு வருஷம் என்றேன். போனைக் கையால் மூடிக்கொண்டு அழுதாள். கையால் மூடினால் கேட்காது என்று அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. எனக்கு எல்லாம் கேட்டது. நான் மூடிக்கொள்ளவில்லை. நேராகவே அழுதேன்.

7

அடுத்த திங்கட்கிழமை எட்டேகாலுக்குக் குறிகளை எடுக்க உட்கார்ந்தோம். செல்வியுடையது ஏற்கெனவே போயாயிற்று. மிச்சமிருந்தது என்னுடைய முன்னூறு சிலுவைகள்.

"ஒரே கட்டளக்கா" என்றாள். "எல்லா ஃபைல்லயும் மொத வரிய எடுத்துடும். அடிச்சு வச்சுட்டேன், நீங்க என்டர் தட்டினா போதும்."

நான் தட்டவில்லை. ஒரு கோப்பை மட்டும் திறந்து பார்த்தேன். லியா பிறந்து நான் வேலைக்குத் திரும்பிய வாரம் எழுதியது. பால் கட்டிக்கொண்ட வலியோடு, ஒழுங்காகப் பேச வராத பிரெஞ்சோடு, இதிலாவது தப்பு வரக் கூடாது என்று தலையில் அந்தக் குறியைப் போட்டிருப்பேன். இன்னொன்று அப்பா தவறிய வருடத்தது. டிக்கெட் கிடைக்காமல் போக முடியவில்லை. அன்றைக்கும் லேபிள் அடித்திருக்கிறேன். தலையில் சிலுவை நேராகத்தான் விழுந்திருந்தது.

"அக்கா, நான் தட்டட்டுமா?"

"வாணாம். நானே தட்டுறேன்."

"எடுத்துட்டு, வேணும்னா ஒரு பேப்பர்ல எழுதி மெஷின்மேல ஒட்டிடுங்களேன்."

"கொரின் கிழிப்பா."

"மெஷினுக்குப் பின்னாடி ஒட்டுங்க. அங்க யாரு பாக்கப்போறாங்க? என்னுதயும் சேத்து எழுதிக்குங்க."

தட்டினேன். கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. பட்டையை ஓட்டச் சொன்னேன். செல்வி அந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முதல் பெட்டி சிவப்பு விளக்கைத் தாண்டி, வேன்கள் இருக்கும் வலப்பக்கம் போனது. இரண்டாவதும் போனது. பத்து, இருபது என்று போய்க்கொண்டே இருந்தன. ஒன்றுகூட இடப்பக்கம் திரும்பவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். நான் இருபது வருடம் தலையில் வைத்துக் காத்தது இல்லாமலே அவை பாட்டுக்குப் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

"ஓடுதாக்கா?"

"ஓடுதுடி."

"அப்ப வேல முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

எட்டு இருபத்தைந்து. அன்றைக்குச் செய்ய வேண்டியது வேறொன்றும் இல்லை. இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.